பரண்மேல் வைத்த பெட்டி

வீட்டில் வைஃபை சரியாக வரவில்லை என்றால் பத்தில் எட்டுப் பேர் முதலில் கம்பெனியைத் திட்டுவார்கள். மீதி இரண்டு பேர் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவார்கள். பெட்டியை எங்கே வைத்திருக்கிறோம் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. டிவிக்குப் பின்னால் சொருகியிருப்பார்கள். செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். ஒரு வீட்டில் பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதற்கு உறை தைத்து மாட்டி, மேலே ஒரு பூச்சாடியும் வைத்திருந்தார்கள். நான் பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். நான் போய் வாசலில் நின்றாலே சிக்னல் பயந்து வந்துவிடும் என்று ஆபீசில் கிண்டல் செய்வார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி இருந்திருந்தால் இந்த ஒரு பக்கத்திலேயே சிவப்புப் பென்சிலால் ஏழெட்டு இடத்தில் சுழித்திருப்பாள். அவள் ஒரு அச்சகத்துக்கு வீட்டில் இருந்தபடியே பிழை திருத்திக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒருமுறை அச்சகத்து ஆள் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பழைய கட்டை வாங்கிக்கொண்டு போவார்.

அவளுக்குக் காது கேட்காது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் போய்விட்டது. அது தெரிந்தேதான் கல்யாணம் செய்துகொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். நானும் மறுக்கவில்லை. மெதுவாகப் பேசினால் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மற்றதெல்லாம் எழுத்துதான். சாப்பாட்டு மேசைமேல் ஒரு நீள நோட்டு எப்போதும் கிடக்கும். கல்யாணமான முதல் மாதம் கைமொழி சொல்லிக்கொடுக்க ரொம்ப ஆசைப்பட்டாள். தண்ணீர், சாப்பாடு, தூக்கம் என்று மூன்று சொற்கள் கற்றுக்கொண்டேன். குடும்பம் நடத்த அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஒரே அக்கா. ஆறு மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறாள். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனால் தங்கைக்காகச் சின்ன வயதிலேயே கைமொழி பழகியவள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பேரும் வீடியோவில் பேசுவார்கள். இதில் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நீங்களும் நானும் பேசும்போது குரல் விட்டு விட்டு வந்தாலும் எப்படியோ ஒப்பேற்றிவிடுவோம். கைகளால் பேசுகிறவர்களுக்குப் படம் ஒரு நொடி உறைந்தால் பாதி வாக்கியம் காணாமல் போகும். அவளுக்கு நல்ல சிக்னல் என்பது நமக்குத் தொண்டை மாதிரி.

ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து நாலே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். அவளுக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, உள்ளங்கையால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. திரையில் அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சைகை காட்டினாள். என் மனைவி திரும்பினாள், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்து போனாள்.

என்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பாதுகாப்புக்கு என்று சொல்லி ஹாலில் ஒரு கேமரா மாட்டினேன். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியும் எதிரே இருக்கும் போன் திரையும் அதில் நன்றாகத் தெரியும். காது கேளாதவர்களுக்கான பள்ளி ஒன்று கைமொழிப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே முடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பாடம் என்று எட்டு மாதம் படித்தேன். வீட்டில் மூச்சு விடவில்லை. பிறகு கேமராவில் சேமித்திருந்த பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். புரியாத இடங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அவர்கள் என்னென்ன பேசினார்கள் என்று சொல்கிறேன். அக்கா வீட்டு மாடியில் குட்டி போட்ட பூனை. அக்காவின் மகனுக்கு விழுந்த பல். அச்சகத்து ஆள் எதைச் சொன்னாலும் தலையைச் சொறிவது. ஒரு புத்தகத்தில் கதாநாயகி ஏழாம் பக்கத்தில் செத்துப் பதினைந்தாம் பக்கத்தில் காய்கறி வாங்கப் போனது. அன்றைக்கு மேசையைத் தட்டிச் சிரித்ததும் இதற்குத்தான் என்று, பிறகு அவர்கள் அதை நினைத்து மறுபடி சிரித்த ஒரு பதிவில் தெரிந்தது. எங்கள் வாஷிங் மெஷின் மூன்று முறை பேச்சில் வந்தது. நான் ஒரு முறைகூட வரவில்லை. நல்லவிதமாகவும் இல்லை, கெட்டவிதமாகவும் இல்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு மனிதன் தன் வீட்டில் வாஷிங் மெஷினுக்குக் கீழே இருக்க முடியாது.

சிக்னலைக் கொடுப்பதைவிடக் கெடுப்பது சுலபம். முதலில் நடையில் இருந்த இரும்பு பீரோவை ரூட்டருக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே நகர்த்தினேன். நடை அகலமாகத் தெரியும் என்று காரணம் சொன்னேன். அவளும் பீரோவின் மறுபக்கத்தைப் பிடித்துத் தள்ளினாள். அடுத்து ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அதற்கடுத்து அவள் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய மீன் தொட்டி வாங்கிவந்தேன். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும், எங்கள் வேலையில் அது எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு அந்த மீன்களை ரொம்பப் பிடித்துப்போனது.

இரண்டு வாரத்தில் நோட்டில் எழுதினாள்.

“அக்கா மூஞ்சி கட்டம் கட்டமா வருது. கை தெரியவே மாட்டேங்குது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன். ஊருக்கெல்லாம் பண்றீங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு பேரும் வீட்டைச் சுற்றினோம். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். எத்தனை கோடு வருகிறது என்று விரலால் காட்டுவாள். இரண்டு காட்டும்போது உதட்டைப் பிதுக்குவாள், நாலு காட்டும்போது குதிப்பாள். நாங்கள் கல்யாணமாகி நாலு வருடத்தில் சேர்ந்து செய்த முதல் வேலை அது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

கடைசியில் பெட்டி உயரத்தில் இருப்பதுதான் நல்லது என்று சொன்னேன். அது பொய்யில்லை, எந்த டெக்னீஷியனைக் கேட்டாலும் சொல்வான். குளியலறைக்கு முன்னால் இருக்கும் பரணில் ஏற்றினேன். அங்கே கிடந்த பழைய தகரப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அணைத்து முப்பது நொடி கழித்துப் போட்டால் சரியாகும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பட்டன் பெட்டியில்தான் இருக்கிறது, பரண் அவளுக்கு எட்டாது. “நீ ஏறாதே, நான் வந்து பண்றேன்” என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அதிலிருந்து நான் வீட்டுக்கு வரும்போது அவள் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தாள். வண்டிச் சத்தம் கேட்காதவள், நான் வரும் நேரத்துக்கு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் நோட்டு இருக்கும். நான் ஏறி, பட்டனை அமுக்கி, முப்பது எண்ணும்வரை கீழே நின்று என் முகத்தையே பார்ப்பாள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

அவள் அக்கா ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கினாள். கெட்டிக்காரி. வந்த அன்றே தன் போனை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள்.

“என் போன்ல ஓரளவுக்கு வருதே தம்பி. இவ போன்ல மட்டும் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?”

“ரொம்பப் பழசுக்கா அது. அதான்.”

“மத்தவங்க வீட்டுக்கெல்லாம் சரி பண்ணித் தர்றீங்க. சொந்த வீட்டுல இப்படியா?”

“வைத்தியன் வீட்டுல எல்லாருக்கும் இருமல்னு நினைச்சுக்கோங்க” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய்த் தங்கைக்குப் புதுப் போன் வாங்கிவந்தாள்.

“ஒரு சிம்மும் போட்டுடலாம் தம்பி. முன்னாடி இருந்ததை ஏன் எடுத்தீங்க? ஆபத்து அவசரத்துக்கு ஒரு மெசேஜாவது அனுப்புவால்ல?”

“அவ யாருக்குக்கா போன் பேசப் போறா? வீட்டுல வைஃபை இருக்கு, அவசரம்னா நான் இருக்கேன்.”

அவள் சிம் பேச்சை அதோடு விட்டாள். தங்கை வீட்டில் வந்து தங்கி, தங்கை புருஷனிடம் இதற்குமேல் சண்டை போட முடியாது என்று நினைத்திருப்பாள். சிம் வேண்டாம் என்று நான் சொன்னதை என் மனைவி உதட்டில் படித்துவிட்டுத் தலையாட்டினாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மைத்துனி கண்ணில் மண்ணைத் தூவ பீரோவும் மீன் தொட்டியும் இனி போதாது என்று தெரிந்தது. எங்கள் ரூட்டருக்குப் போனில் ஒரு ஆப் உண்டு. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் வீடியோ பார்க்காமல் இருப்பதற்காகப் பெற்றோர்கள் பயன்படுத்துவது. வீட்டில் உள்ள எந்தப் போனுக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இணையம் கிடைக்கக் கூடாது என்று வைத்துவிடலாம். தடுத்த நேரத்தில் அந்தப் போன் முயன்றால் நம் போனுக்கு ஒரு செய்தி வரும். மைத்துனி பஸ் ஏறிய அன்றே புதுப் போனை அதில் சேர்த்தேன். நாலிலிருந்து ஐந்துவரை. தினமும் தடுத்தால் சந்தேகம் வரும் என்பதால் வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுவேன். அந்த இரண்டு நாளும் ராத்திரிச் சாப்பாட்டின்போது நோட்டில் எனக்கு நன்றி எழுதியிருப்பாள். ஒருமுறை பக்கத்தில் ஒரு மீனும் வரைந்திருந்தாள்.

நாலு மாதம் இப்படிப் போனது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. வீட்டில் ஒரு அடி, ஒரு அதட்டல் கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். காலையில் டிபன் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டு திறந்திருந்தது. “நாளைக்கு அக்காவுக்கு ஆபரேஷன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரில சேந்துடுவா. உள்ள போன் விட மாட்டாங்களாம். நாலு மணிக்கு அவளைப் பாத்தே ஆகணும். போறதுக்கு முன்னாடி பெட்டியை ஒருதரம் அணைச்சுப் போட்டுட்டுப் போறீங்களா?” பாத்தே என்பதன் கீழே இரண்டு கோடு.

சரி என்று எழுதினேன். பரணில் ஏறினேன், அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன். அவள் கீழே நின்று இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை நான் விட்டுவிடும் நாள். படி இறங்கும்போதே ஆப்பைத் திறந்து அன்றைக்கும் தடை போட்டேன். ஏன் என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அந்த நோட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அதிலும் அக்காதான் இருக்கிறாள். நான் ஏணி மாதிரி, ஏறுவதற்கு மட்டும்.

மதியத்துக்கு மேல் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை வீட்டில் வேலை. தனியாக இருக்கும் அம்மா. வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேசும்போது படம் நின்று நின்று வருகிறது என்று புகார். போய்ப் பார்த்தால் பெட்டியை மைக்ரோவேவ் அடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தார். எடுத்து வேறு இடத்தில் மாட்டினேன். எப்படி அணைத்துப் போடுவது என்று அவரையே இரண்டு முறை செய்துபார்க்க வைத்தேன்.

நாலு மணிக்கு என் போன் அதிர்ந்தது. வரிசையாக மூன்று செய்தி. அவள் போன் முயல்கிறது, தடுக்கப்பட்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பதினைந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. சரி, அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மறுபடி ஆரம்பித்தது. நிமிடத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று.

“போன் அடிச்சுக்கிட்டே இருக்கே தம்பி. எடுத்துப் பேசுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார் அந்த அம்மா.

“வீட்டுலேர்ந்துதாம்மா. ஒண்ணுமில்ல, சும்மா.”

“இவ்வளவு பொறுமையா யாரு சொல்லித் தர்றாங்க இந்தக் காலத்துல. உங்க வீட்டுக்காரம்மா குடுத்துவெச்சவங்க.”

கேமராவைத் திறந்து ஹாலைப் பார்த்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது. அது மட்டும் இல்லை, சாப்பாட்டு மேசைக்கு இருக்கும் நாலு நாற்காலியில் மூன்றுதான் இருந்தன. அதையும் பார்த்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். நாலாவது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவில்லை. கோபத்தில் படுக்கையறைக்குப் போய் அங்கிருந்து போனை அமுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். மீன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

ஐந்துக்குத் தடை தானாக விலகியிருக்கும். நாலு ஐம்பத்தைந்துக்கு அந்த அம்மா கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஆப்பைத் திறந்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினேன். அதற்குள் முப்பத்தாறு செய்தி வந்திருந்தது. ஒருவருக்காக ஒரு மனுஷி இத்தனை முறை முயல்வாளா என்று இருந்தது எனக்கு. பொறாமை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குமேல் இன்னும் ஐந்து வந்தது, இடைவெளி விட்டு விட்டு. ஐந்தே முக்காலுக்குக் கடைசி. மொத்தம் நாற்பத்தொன்று.

வேலை முடிந்தும் நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸ் வாசலில் நின்று நண்பர்களோடு அரட்டை அடித்தேன். ஜன்னலில் கொஞ்சம் அதிகமாகக் காத்திருக்கட்டும் என்று எண்ணம். ஏழே காலுக்குப் போனபோது ஜன்னலில் ஆள் இல்லை. பரணுக்குக் கீழே நாற்காலி சாய்ந்து கிடந்தது, அதன்மேல் வைத்த முக்காலி சுவரோரம் கிடந்தது. அவள் குளியலறை வாசற்படியில் கிடந்தாள். போன் கையில்தான் இருந்தது. எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது, கீழ் வீட்டுக்காரர்கள் ஏதோ சத்தம் கேட்டது, டிவி என்று நினைத்தோம் என்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஆறு மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

அவள் அக்கா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைத் தாண்டி நேராக உங்களிடம் போனாள். அவள் உங்களிடம் சொன்ன எல்லாமே உண்மைதான், பீரோ, சிம், புதுப் போன் எல்லாம். நான் தடுத்தேன். தெரிந்தே தடுத்தேன். ஆபரேஷன் இருப்பது தெரிந்தும் தடுத்தேன், அவள் விடாமல் முயல்வது தெரிந்தும் நீட்டித்தேன். ஒரு விரலால் எடுத்துவிட்டிருக்கலாம், எடுக்கவில்லை. இதைக் கொலை என்று எழுதுவதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. அவள் போனைச் சோதித்து எடுத்த பட்டியல் என்று நேற்று ஒரு தாளை என் முன்னால் வைத்தீர்கள். முதல் மூன்று அழைப்பு அக்காவுக்கு. விழுந்த பிறகு போட்ட முப்பத்தெட்டும் எனக்கு என்று அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அக்காவைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்திருப்பாள், பக்கத்தில் இருப்பது புருஷன்தானே என்று நீங்களே விளக்கமும் சொன்னீர்கள். அதற்குக் கீழே அனுப்பப்படாமல் நின்றுபோன செய்தி ஒன்றையும் காட்டினீர்கள். “விழுந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க. சீக்கிரம் வாங்க.”

பதினோரு வருடம் இந்தக் கருவிகளோடு பழகியவன் சொல்கிறேன், மெஷின்கள் எண்களை மாற்றிக் காட்டுவது உண்டு. அந்தத் தாளை இன்னொரு தரம் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவள் கூப்பிட்டது என்னையாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.